பின்பக்கக் காற்று

பரமசிவம் அந்தப் பெரிய ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியதும் கிளந்தான் லேனில் பாதி வழி அடைபட்டுப் போயிற்று. இறங்கியவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மூணாவது வொர்க்‌ஷாப் இது. உங்களாலயும் முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு நேரமில்ல."

ஆம்ப்ரோஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தான். "ஏர்கான்தானே அங்கிள்? விட்டுட்டுப் போங்க லா. பார்த்துக்கலாம்."

"முன்னால எல்லாம் ஜில்லுனு இருக்கு. பின்னாலதான் காத்து நின்னு போகுது. மத்த ரெண்டு பேரும் உங்கள மாதிரிதான் சிரிச்சாங்க."

கடையின் உள்ளே மேசையில் ஏதோ ஒரு ஸ்விட்சைப் பிரித்து வைத்திருந்த மதலேனாவின் காதில் இது விழுந்தது. மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆம்ப்ரோஸின் மனைவி அவள். கம்ப்ரஸர், கேஸ், குழாய் வேலை எல்லாம் அவன் பொறுப்பு. கம்பி, ஸ்விட்சு, மோட்டர் எல்லாம் அவள் பொறுப்பு. கல்லாங் பக்கத்தில் டெலிவிஷன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். ஓடாத பெட்டிகளை அவள் மேசைக்கு அனுப்புவார்கள். ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்து அவள் திருப்பி அனுப்புவாள். போன வருஷம், எண்பத்தைந்தில், தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார அவளுக்கு வரவில்லை. மறு வாரமே புருஷன் கடைக்கு வந்துவிட்டாள். ஆரம்பத்தில் வாடிக்கைக்காரர்கள் அவளைத் தாண்டி ஆம்ப்ரோஸைத் தேடினார்கள். இப்போதெல்லாம் சிலர் ஆம்ப்ரோஸைத் தாண்டி அவளைத் தேடுகிறார்கள்.

ஜீப் நல்ல நீளம். எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். அவ்வளவு நீளத்துக்கு முன்னால் அடிக்கும் குளிர் பின்னே போய்ச் சேராது. அதனால் பின்பக்கத்து இடதுசுவருக்குள் தனியாக ஒரு குளிர்பெட்டியும், அந்தக் குளிரை வெளியே தள்ள ஒரு காற்றாடியும் வைத்திருந்தார்கள்.

மதலேனா பின்கதவைத் திறந்தாள். உள்ளே இருக்கைகளே இல்லை. விரிப்பு போட்ட வெறும் தளம். விரிப்பைக் கிழித்துக்கொண்டு நாலு மூலையிலும் நாலு இரும்பு வளையங்கள். ஓரமாக இரண்டு நீளப் பலகைகள்.

"இது எதுக்கு அங்கிள்?"

"என் மகன் சேதுபதிக்கு. சக்கர நாற்காலியோட ஏத்தி இதுல கட்டிடுவேன்."

சேதுபதி கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் சாரம் சரிந்து விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்தது. கைகளைத் தூக்குவான், விரல்கள் மூடாது. மார்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. இதையெல்லாம் பரமசிவம் பலமுறை சொல்லிப் பழகிய குரலில் சொன்னார். அதற்குப் பிறகு சொன்னதைத்தான் அவரால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"மூணு வாரத்துக்கு முன்னால, சரியாயிடுச்சுன்னு நம்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்பிரஸ்வேயில ஜாம். முன்னால எனக்குக் குளிருது. பின்னால காத்து நின்னது எனக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தா பையன் கண்ணு சொருகிக் கிடக்கிறான். நூத்து நாலு டிகிரி."

"ஜன்னலத் திறந்தா?" என்றான் ஆம்ப்ரோஸ்.

"அவனுக்கு வேர்க்காதுப்பா. கழுத்து நரம்பு போனதோட வேர்வையும் போயிடுச்சு. நமக்கு வேர்த்து உடம்பு ஆறும். அவனுக்குச் சூடு உள்ளேயே நிக்கும். வெயில் காத்து அடிச்சா இன்னும் மோசம்."

மதலேனா கேட்டாள். "எப்பத்திலேருந்து இப்படி?"

"ரெண்டு மாசமா. முதல் வொர்க்‌ஷாப்ல ஃபியூஸும் ரிலேயும் மாத்தினாங்க. ரெண்டாவது ஆளு மோட்டரையே மாத்திட்டான். அவங்க கடையில ஓடும். வீட்டுக்குக் கொண்டாந்தாலும் ஓடும். என் பிள்ளைய ஏத்தினா நின்னுடும். வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு அவனுக்குத் துவாஸ்ல இன்டர்வியூ. நாலு வருஷத்துல முதல் இன்டர்வியூ. துவாஸ் எவ்வளவு தூரம்னு உங்களுக்குத் தெரியும்."

அன்று புதன்கிழமை.

"வெள்ளிக்கிழமை அவர் போவாரு," என்றாள் மதலேனா. "சாவியக் குடுங்க."

பரமசிவம் போனதும் ஆம்ப்ரோஸ் அவளைப் பார்த்தான். "வண்டியத் தொட்டுக்கூடப் பார்க்கலை. அதுக்குள்ள வாக்குக் குடுத்துட்டே."

"ஓடுற மோட்டர் சும்மா நிக்காதுங்க. காரணம் ஒண்ணு இருக்கு. இருந்தா கண்டுபிடிச்சிடலாம்."

மத்தியானம் முழுவதும் எஞ்சினை ஓடவிட்டு, பின்பக்கக் காற்றாடியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிசகில்லாமல் ஓடியது. கம்பிகளை இழுத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், ஸ்விட்சை ஐம்பது முறை போட்டு அணைத்தாள். மீட்டர் முள் பன்னிரண்டு வோல்ட்டைத் தாண்டி அசையாமல் நின்றது. சாயங்காலம் ஆம்ப்ரோஸ் வண்டியை சாங்கி வரை ஓட்டினான்; அவள் பின்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். போக வர ஒன்றேகால் மணி நேரம். காற்று ஒரு தடவைகூட முனகவில்லை. அவளுக்குத்தான் குளிரில் மூக்கு ஒழுகியது.

"மோட்டர் டூப்ளிகேட்டா இருக்கும். சூடேறினா நிக்குது. வேற போட்டுடுவோம்," என்றான் ஆம்ப்ரோஸ்.

"ஏற்கனவே ரெண்டு பேர் சாமான் மாத்திட்டாங்க. மூணாவதா நாமளும் மாத்தணுமா?"

வீட்டுக்குப் போய் மீன் குழம்புக்குப் புளி கரைக்கும்போதும் அவள் நினைப்பு ஜீப்பிலேயே இருந்தது. தொழிற்சாலையில் சில பெட்டிகள் இப்படித்தான். மேசையில் திறந்து வைத்தால் படம் அருமையாக வரும். மூடி போட்டுத் திருகாணி இறுக்கினால் படம் போய்விடும். அப்படிப்பட்டதைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. மூடித்தான் பார்க்க வேண்டும். அவளை ஏற்றிப் போனபோது ஓடிய காற்றாடி, சேதுபதியை ஏற்றிப் போனால் நிற்கிறது. அப்படியானால் சேதுபதியை ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் பரமசிவம் வெடித்தார்.

"என் பிள்ளை என்ன உங்களுக்கு டெஸ்ட் பண்ற சாமானா? ஒரு தடவ பட்டது போதாதா?"

"அங்கிள், வண்டி நகராது. கார் பார்க்கிலேயே நிக்கும். அவர் பக்கத்துலயே நான் இருப்பேன்."

மறுமுனையில் ஏதோ வாக்குவாதம் கேட்டது. பிறகு ரிசீவர் கைமாறியது. யாரோ அதைக் காதில் பிடித்துக்கொள்ள, நிதானமான குரல் ஒன்று வந்தது.

"அக்கா, நான் சேது பேசுறேன். நானும் இதத்தான் அப்பாகிட்ட சொல்லிட்டு இருந்தேன். நான் இருந்தாத்தான் நிக்குதுன்னா நான் இல்லாம எப்படித் தெரியும்? எப்ப வரட்டும்?"

"நீங்க வர வேண்டாம் தம்பி. வெயில் இறங்கினதும் நான் வண்டியோட வர்றேன்."

அந்தச் சாயங்காலம் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சிராங்கூன் ரோட்டு நெரிசலில் அந்த யானையை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். தேக்கா சந்தைக்குப் பின்னால், பஃபலோ ரோட்டு அடுக்குமாடிகளின் கீழே தகப்பனும் மகனும் காத்திருந்தார்கள். சேதுபதிக்கு இருபத்தொன்பது வயது இருக்கும். ஒல்லியான முகம், படிய வாரிய தலை. வணக்கம் சொல்லத் தூக்கிய கை பாதியிலேயே நின்றது. அதற்காக அவன் கூச்சப்படவில்லை.

பரமசிவம் பலகைகளைச் சாய்த்துப் போட்டு நாற்காலியை உள்ளே தள்ளினார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். பாரத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரியில் சாமான் கட்டும் பட்டைகளை வளையங்களில் மாட்டி ஒவ்வொன்றாக இறுக்கினார். மதலேனா முன்பே எஞ்சினைப் போட்டு, குளிர்பெட்டியின் மூடியைக் கழற்றி, காற்றாடியின் கம்பிகளில் மீட்டரை மாட்டிவிட்டுக் குந்தியிருந்தாள்.

முதல் பட்டை. முள் அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது. அசையவில்லை. நாலாவது பட்டை பின்பக்கத்து இடதுமூலை. பரமசிவம் பல்லைக் கடித்துக்கொண்டு அதை இறுக்கியபோது காற்றாடியின் சத்தம் கம்மியது.

"சத்தம் இறங்குது அக்கா," என்றான் சேதுபதி.

முள் பன்னிரண்டிலிருந்து ஐந்துக்குச் சரிந்தது. காற்றாடி சுற்றுவதா நிற்பதா என்று தள்ளாடியது.

"எர்த்தப் பாருங்க..."

அவன் சொல்லி முடிக்குமுன் மீட்டரின் ஒரு முனையைக் காற்றாடியின் கறுப்புக் கம்பியிலும் மறுமுனையை வண்டியின் உடம்பிலும் வைத்துவிட்டாள். அங்கே பூஜ்யம் காட்ட வேண்டும். ஏழு காட்டியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பரமசிவத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன சிரிப்பு?"

"கரண்ட் மோட்டருக்கு வர்றதுக்கு ஒரு வழி வேணும் அங்கிள். ஓடிட்டு வண்டியோட இரும்பு வழியாத் திரும்பிப் போறதுக்கும் ஒரு வழி வேணும். வர்ற வழிய ரெண்டு வொர்க்‌ஷாப்பும் பார்த்தாங்க. திரும்பிப் போற வழிய யாரும் பார்க்கலை. அதுதான் அடைச்சிருக்கு. அந்தப் பட்டைய லூஸ் பண்ணுங்க."

தளர்த்தினார். காற்றாடி சீறிக்கொண்டு சுற்றியது. "இப்ப இறுக்குங்க." மறுபடி கம்மியது. மூன்று முறை அப்படிச் செய்ய வைத்தாள். அதற்குள் அவருக்கே காதால் தெரிந்துவிட்டது.

நாற்காலியைக் கீழே இறக்கிவிட்டு மதலேனா அந்த மூலையில் விரிப்பை உரித்தாள். வளையத்தின் அடியில் கனமான இரும்புத் தகடு. போல்ட்டு போட்டுத் தளத்தோடு முறுக்கியிருந்தது. தகட்டுக்கு இரண்டு பக்கமும் தடியாகப் பச்சைப் பெயிண்ட். அந்தத் தகட்டின் மேல், அதே போல்ட்டின் தலைக்கு அடியில், காற்றாடியின் கறுப்புக் கம்பி நசுங்கிக் கிடந்தது. பட்டையை இறுக்கினால் தகடு மயிரிழை எழும்பும். தொட்டும் தொடாமலும் இருந்த இரும்பு விலகிவிடும். நடுவில் பெயிண்ட் மட்டும்தான் மிஞ்சும்.

இதை யார் போட்டது என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. பரமசிவத்தின் முகம் சொல்லிவிட்டது.

ஒரு நொடி, கம்பி செத்துப்போச்சு என்று பொதுவாகச் சொல்லி மூடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் நாளைக்கே அவர் வளையத்தைக் கழற்றித் திரும்பப் போட்டால்? இதில் தொங்குவது ஒரு உயிர். அவள் மறைக்கவில்லை.

"வளையம் உறுதியா இருக்கு அங்கிள். கட்டின கட்டுல ஒரு குறையும் சொல்ல முடியாது. இந்தக் கம்பி மட்டும் இந்த போல்ட்டுல இருக்கக் கூடாது."

"முன்னால கயிறு போட்டுத்தான் கட்டுவேன். ரெண்டு மாசத்துக்கு முன்னால இதச் செஞ்சேன்," என்றார் அவர் மெதுவாக. "ஓட்டை போடுற இடத்துல அந்தக் கம்பி இருந்துச்சு. சேர்த்து முறுக்கிட்டேன். துரு ஏறக் கூடாதுன்னு பெயிண்ட் ரெண்டு கோட்டு." பிறகு வண்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "போற வொர்க்‌ஷாப்ல எல்லாம் சண்டை போட்டேன். கடைசியில நான்தான் அன்னிக்கு என் பிள்ளையக் கொல்லப் பார்த்திருக்கேன்."

சேதுபதிதான் பதில் சொன்னான்.

"அப்பா. கயித்துல கட்டினப்ப ஒவ்வொரு திருப்பத்துலயும் நாற்காலி ஆடும். நான் வெளிய வர மாட்டேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? இந்த வளையம் போட்டப்புறம்தான் துவாஸுக்கு அப்ளிகேஷன் போட்டேன். எந்திரிங்க. அக்காவுக்கு டார்ச் பிடிங்க."

அவர் எழுந்தார். டார்ச் மட்டும் பிடிக்கவில்லை. மதலேனா இடம் காட்ட, வண்டியின் தூணில் ஒரு காசு அகலத்துக்குப் பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளவென்று தெரியும்வரை அவரே சுரண்டினார். அவள் தடிமனான புதுக் கறுப்புக் கம்பியை அங்கே கொண்டுவந்து, தகட்டின் பக்கமே போகாமல், தனி போல்ட்டில் முறுக்கினாள். நாற்காலியை ஏற்றி நாலு பட்டையையும் இறுக்கினார்கள். கறுப்புக் கம்பிக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே வைத்த மீட்டரில் முள் பூஜ்யத்தைவிட்டு எழவில்லை. டோபி காட் வரை போய், சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். மழைக்குப் பிறகு ஊரே குளிர்ந்திருந்தது. சேதுபதி, "போதும், குளிருது, கம்மியா வைங்க," என்று சொல்லும்படி ஆயிற்று. வண்டி பரமசிவத்திடமே நின்றுகொண்டது.

மறுநாள் காலை மதலேனா தன் தகர டப்பாவில் கம்பித் துண்டுகளையும் ஃபியூஸ்களையும் எடுத்து வைத்தாள்.

"சரி பண்ணிட்டே இல்ல? பின்ன நீ எதுக்குப் போறே?" என்றான் ஆம்ப்ரோஸ்.

"பார்த்தது மழை விட்ட சாயங்காலம். அவங்க போறது உச்சி வெயில்ல. ஒரு நாள் கடைய நீங்க பார்த்துக்குங்க."

பன்னிரண்டரை மணிக்குக் கிளம்பினார்கள். பரமசிவம் ஓட்டினார். மதலேனா பின்னால் சேதுபதிக்கு அருகில் சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். எக்ஸ்பிரஸ்வேயில் ஏறியபோது தார் ரோடு கானல் நீராய் மினுங்கியது. காற்றாடி முழு வேகத்தில் ஓடியது. சேதுபதி வெள்ளைச் சட்டையும் டையும் போட்டிருந்தான். துவாஸ் பட்டறையின் திட்ட அலுவலகத்தில், கப்பலின் கம்பி வரைபடங்களைச் சரிபார்க்க ஆள் கேட்டிருந்தார்கள்.

"பேனா பிடிக்க முடியுமான்னு கேட்பாங்க," என்றான். "உள்ளங்கையில பட்டை போட்டுப் பேனாவச் சொருகிக்குவேன். கையெழுத்து முன்ன இருந்ததவிட நல்லாத்தான் இருக்கு."

ஜூரோங் தாண்டி, ஜாலான் அகமது இப்ராகிமில் போய்க்கொண்டிருந்தபோது காற்று நின்றது.

கம்மவில்லை, தேயவில்லை. ஓடிக்கொண்டிருந்தது ஒரே நொடியில் செத்துவிட்டது. திடீர் மௌனத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

மதலேனா மீட்டரை எடுத்தாள். நேற்று தான் முறுக்கிய போல்ட்டு விட்டுப்போயிற்றா? தன் கை வேலையே காலை வாரிவிட்டதா?

"திரும்பிடலாம்," என்றார் பரமசிவம். "சேது, வேண்டாம்ப்பா. வீட்டுக்குப் போயிடலாம்."

"திரும்பினா வீட்டுக்கு முக்கால் மணி நேரம். பட்டறைக்கு இன்னும் பதினஞ்சு நிமிஷம். எங்க திரும்பச் சொல்றீங்க?"

"வண்டிய அந்த மரத்தடியில போடுங்க அங்கிள்," என்றாள் மதலேனா. "எஞ்சின நிறுத்த வேண்டாம். முன்னால இருக்கிற காத்தையும் கூட்டி வைங்க. பின்கதவத் திறந்து விட்டுட்டு, துண்ட நனைச்சு அவர் கழுத்துல போடுங்க. தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க."

மரத்தடியில் வண்டி நின்றபோது அவள் கையில் மீட்டர் தயாராக இருந்தது. முதலில் நேற்றுப் போட்ட கம்பி. இழுத்துப் பார்த்தாள், போல்ட்டு அசையவில்லை; முள்ளும் பூஜ்யம். அடுத்தது மோட்டருக்கு வரும் கம்பி. அதிலும் முள் எழவில்லை. கரண்ட் வரவே இல்லை. திரும்பிப் போகும் வழி நன்றாக இருக்கிறது; இப்போது வரும் வழியில் கோளாறு.

ஓடிப்போய் ஸ்டீயரிங்குக்கு அடியில் குனிந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். பிளாஸ்டிக் கருகிய வாடை முகத்தில் அடித்தது. பின்பக்கக் காற்றாடியின் ஃபியூஸை மாட்டும் இடம் பழுப்பேறி மெழுகாய் இளகியிருந்தது. முதல் வொர்க்‌ஷாப்பில் எவனோ அளவு சேராத ஃபியூஸைத் திணித்ததில் அதன் பித்தளை இதழ்கள் வாய் பிளந்து கிடந்தன.

"கெட்டுப் போனது நேத்து இல்ல தம்பி, எப்பவோ," என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள். "இத்தனை நாள் எர்த் சரியில்லாததால மோட்டர் முழு கரண்ட் இழுக்கலை. நேத்திலேருந்துதான் முழுசா இழுக்குது, இன்னிக்கு வெயில் வேற. இந்தப் பிடி தாங்கலை."

"இன்லைன் ஃபியூஸ் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன்."

"அப்ப பெட்டியையே விட்டுட்டு நேரா போட்டுடுங்க."

"அதத்தான் பண்றேன்."

பேட்டரிக் கம்பியைக் கழற்ற எஞ்சினை நிறுத்த வேண்டியிருந்தது. முன்பக்கக் குளிரும் நின்றது. கருகிய இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கம்பியை வெட்டினாள். தோலை உரித்து, டப்பாவிலிருந்த தனி ஃபியூஸ் பிடியை இடையில் வைத்து முறுக்கினாள். வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. பின்னால் பரமசிவம் தண்ணீர் ஊற்றும் சத்தமும், இடையிடையே "இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பதும் கேட்டன. சேதுபதி முதலில், "நல்லா இருக்கேன்," என்றான். அடுத்த தடவை, "ம்," என்றான். அதற்கடுத்த தடவை பதில் வரவில்லை.

"சேது!" என்று கத்தினாள் மதலேனா. "இந்த மோட்டருக்கு எத்தன ஆம்பியர் ஃபியூஸ் போடலாம்? சொல்லுங்க!"

அவளுக்குத் தெரியும். அவன் குரல் வேண்டியிருந்தது.

"இருபது," என்று இழுத்தாற்போல் வந்தது. "அதுக்கு மேல போடாதீங்க."

இருபதைச் சொருகினாள். பேட்டரிக் கம்பியை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். பின்பக்கக் காற்றாடி உறுமிக்கொண்டு கிளம்பியது. பரமசிவம் பின்கதவை அறைந்து சாத்தினார். நனைந்த துண்டின்மேல் குளிர்காற்று பட்டதும் சேதுபதி தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். முகமெல்லாம் செம்பாய்ச் சிவந்திருந்தது. மதலேனா புறங்கையை அவன் நெற்றியில் வைத்தாள். அடுப்பு மாதிரி இல்லை. தோசைக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஐந்து நிமிஷத்தில் அதுவும் தணிந்தது. நின்றது முதல் ஓடியது வரை பதினான்கு நிமிஷம் என்று பரமசிவம் பிற்பாடு சொன்னார். அவர் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"இனிமே நிக்காது இல்லம்மா?" என்று கேட்டார்.

"நிக்காது. நின்னா நான் இங்கதான் இருக்கேன்."

சேதுபதி கண்ணைத் திறந்தான். "சட்டை காலர் நனைஞ்சிடுச்சா?"

"நனைஞ்சிருக்கு."

"காத்துல காஞ்சிடும். போங்கப்பா."

ஒன்று ஐம்பதுக்குப் பட்டறை வாசலில் இருந்தார்கள். திட்ட அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் யாக்கூப் என்பவர் தானே இறங்கி வந்து, பலகை சரியாமல் ஒரு பக்கம் காலால் மிதித்துக்கொண்டார். சேதுபதியை உள்ளே தள்ளிக்கொண்டு போனவரும் அவர்தான். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

மதலேனாவும் பரமசிவமும் நிழலில் நின்றார்கள். தூரத்தில் பாதி கட்டிய கப்பல் ஒன்றின் மேல் வெல்டிங் பொறி சிதறியது. பரமசிவம் அதைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டார்.

"உனக்குப் பயமே வரலியாம்மா?"

"வந்துச்சு அங்கிள். நேத்து போட்டது விட்டுப்போச்சோன்னு நினைச்சேன். அது நல்லா இருக்குன்னு முள்ளு காட்டினதும் போயிடுச்சு."

ஒரு மணி நேரம் ஆயிற்று. கதவு திறந்தபோது சேதுபதியின் மடியில் சுருட்டிய காகிதக் கட்டு ஒன்று இருந்தது. எஞ்சின் அறை வரைபடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்களாம். இரண்டு இடத்தில் பிழை காட்டினானாம். மூன்றாவது இடத்தில் இவன் பிழை என்றதை அவர்கள் இல்லை என்றார்களாம். அதைப்பற்றித்தான் பாதி நேரம் சண்டை.

"யாரு ஜெயிச்சது?" என்றாள் மதலேனா.

"அவங்கதான். ஆனா வாரத்துல மூணு நாள் வரச் சொல்லியிருக்காங்க. ஒண்ணாந்தேதியிலேருந்து. மீதி நாள் வீட்டுலயே பார்க்கலாமாம்."

பரமசிவம் பலகைகளைப் போட்டார், நாற்காலியை ஏற்றினார், நாலு பட்டையையும் இறுக்கினார். நாலாவது பட்டையை இறுக்கிவிட்டு அங்கேயே மண்டியிட்டு, மகனின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டார். சேதுபதிக்கு அந்த இடத்தில் உணர்ச்சி கிடையாது. ஆனால் குனிந்து பார்த்து, மூடாத விரல்களால் தகப்பனின் தலையைத் தடவினான். மதலேனா முன்னால் போய் எஞ்சினைப் போட்டாள்.

பசிக்கிறது என்று முதலில் சொன்னவன் சேதுபதிதான். வாசலுக்கு எதிரே இருந்த தகரக் கொட்டகைக் கடையில் மதலேனா மீ கோரேங் என்னும் வறுத்த நூடுல்ஸ் மூன்று பொட்டலம் வாங்கி வந்தாள். வெளியே வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருந்தது. கதவுகளைச் சாத்திக்கொண்டு, ஜீப்பின் பின்பக்கத்தில் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பரமசிவம் மகனுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். காரம் ஏறி மூவருக்கும் மூக்கு ஒழுகியது.

"அங்கிள், அடுத்த வாரம் வண்டியக் கொண்டு வாங்க," என்றாள் மதலேனா வாயில் மீயோடு. "இப்பப் போட்டது அவசரத்துக்கு. அந்தப் பெட்டியவே எடுத்துட்டு ஒழுங்கா வேற போட்டுத் தர்றேன்."

"என்னைக்குக் கொண்டு வரட்டும்?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை நானும் வர்றேன்," என்றான் சேதுபதி. "நீங்க வேல செய்யிறதப் பார்க்கணும்."

"பார்க்கிறதுக்கு மட்டும்னா வர வேண்டாம். வந்தா மீட்டர் முள்ளப் பார்த்துச் சொல்லணும்."

"சொல்றேன் லா," என்று அவன் வாயைத் திறந்து காட்ட, பரமசிவம் அடுத்த கவளத்தை எடுத்தார்.